நாலு நாள், ஐந்து புத்தகம் (வாசகர் கடிதம்)

அன்புள்ள அக்கா,

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வயது 41. பள்ளிக்கூட நாட்களில், காலையில் எடுத்த புத்தகத்தைச் சாயங்காலமே திருப்பிக் கொடுக்கப் போய், "படிச்சியா, இல்ல படம் மட்டும் பார்த்தியா?" என்று நூலகரிடம் திட்டு வாங்கியவன். இப்போது பத்துப் பக்கம் தாண்ட முடியவில்லை. நாலாவது பக்கத்திலேயே கை போனுக்குப் போகிறது. யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள், எதுவும் வந்திருக்காது, ஆனாலும் எடுத்துப் பார்க்கிறேன்.

இந்த ஜனவரியில் '52 வாரம், 52 புத்தகம்' என்று ஃபேஸ்புக்கில் அறிவித்தேன். டிசம்பர் வந்துவிட்டது, 9 முடித்திருக்கிறேன். அதிலும் இரண்டு மெலிந்த கவிதைப் புத்தகங்கள், எண்ணிக்கைக்காகப் படித்தவை.

அரையாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு நாலு நாள் ராமேஸ்வரம் வருகிறோம். போனை அணைத்து மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கடற்கரையில் உட்கார்ந்து படிப்பதாகத் திட்டம். ஐந்து புத்தகம் எடுத்து வைத்துவிட்டேன். மனைவி சிரிக்கிறாள். நீங்கள் அந்தப் பக்கத்துக்காரர் என்பதால் கேட்கிறேன்: கூட்டமில்லாமல் உட்கார்ந்து படிக்க ஏற்ற கடற்கரை எது? அங்கே படிக்கத் தோதான புத்தகம் எது?

இன்னொன்று. என் மகள் எட்டாம் வகுப்பு. புத்தகத்தைத் தொடுவதில்லை. ஆனால் போனில் ஏதோ ஒரு செயலியில் தொடர்கதை படித்துக்கொண்டே இருக்கிறாள். பேய், காதல், பழிவாங்கல், எல்லாம் எழுத்துப் பிழையோடு. இதையும் வாசிப்பு என்று ஒத்துக்கொள்வதா, தடுப்பதா?

ம., திருப்பூர்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் மனைவி சிரித்தது நியாயம்தான். நாலு நாள், ஐந்து புத்தகம், கூடவே எட்டாம் வகுப்புப் பிள்ளை, அரையாண்டு விடுமுறைக் கூட்டத்தில் ராமேஸ்வரம். ஐந்தும் கார் டிக்கியில் ஈரத்துண்டுக்கு அடியில் கிடந்து, ஓரம் சுருண்டு, வந்த வழியே திருப்பூர் திரும்பும். நானும் இப்படிப் புத்தகங்களைச் சுற்றுலா கூட்டிப்போனவள்தான், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

முதலில் கடற்கரை. கடற்கரையில் புத்தகம் படிக்க முடியாது, தம்பி. அது படத்தில் வருகிற காட்சி. நீங்கள் வருகிற சமயம் எங்களுக்கு வாடைக்காற்று. ஒரு தாளைத் திருப்பினால் நாலு தாள் சேர்ந்து திரும்பும். வெயிலோ வெள்ளைத் தாளில் பட்டுக் கண்ணில் அடிக்கும், எழுத்து மிதக்கும். தைத்த இடத்தில் மணல் புகுந்துகொண்டால் அப்புறம் அது போகவே போகாது, இரண்டு வருஷம் கழித்துப் படுக்கையில் பிரித்தாலும் போர்வையில் கொட்டும். உப்புக்காற்று இன்னும் மோசம். என் வீட்டில் இருக்கிற பழைய வார இதழ்களில் பின் அடித்த இடத்தில் பின்னே இருக்காது. இரண்டு துருப்புள்ளியும், அதைச் சுற்றித் தேநீர் சிந்தியது மாதிரி ஒரு கறையும்தான் மிச்சம். இந்தக் கரையில் பிறந்து வளர்ந்த நான் அலை பார்த்துக்கொண்டு ஒரு அத்தியாயம்கூடப் படித்ததில்லை. கடலுக்குப் போனால் கடலைத்தான் பார்ப்போம். இல்லையென்றால் மீன் என்ன விலை என்று பார்ப்போம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு ஒட்டிக்கொண்டது கடற்கரைக் கேள்வி இல்லை. அந்த நாலாவது பக்கம். 'யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள், ஆனாலும் எடுத்துப் பார்க்கிறேன்' என்று எழுதியிருக்கிறீர்களே, அது. எனக்கும் அதேதான். என்னவோ எழுத்தாளர் என்றால் விடிகாலையில் எழுந்து நல்ல நூல் ஒன்றைக் கையில் எடுப்பார் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். போன வாரம் ஒரு நாள் ஐந்து மணிக்கு முழிப்பு வந்தது. காற்று எப்படி இருக்கிறது, துணி காயப்போடலாமா என்று பார்ப்பதற்காகப் போனை எடுத்தேன். ஆறரை மணிக்கு நான் பார்த்துக்கொண்டிருந்தது எங்கேயோ ஒரு நாட்டில் யாரோ ஒருவர் சேறு படிந்த தரைவிரிப்பைக் கழுவி வெளுக்க வைக்கிற வீடியோ. அதற்கு முன்னால் ஒரு கிணறு தூர்வாருவது, அதற்கும் முன்னால் யாரோ ஒரு நடிகரின் வீட்டுத் தகராறு. காற்று எப்படி என்று மட்டும் கடைசிவரை பார்க்கவில்லை. துணி மத்தியானம்தான் காயப்போட்டேன்.

சரி, நீங்கள் அந்தக் காலத்தில் எப்படிப் படித்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் கதை எனக்குத் தெரியாது. என் கதையைச் சொல்கிறேன்.

எங்கள் அப்பத்தா ஊர் உச்சிப்புளிக்குப் பக்கம், கடலை ஒட்டிய மணல்காடு. பனையும் உடைமுள்ளும். நான் சொல்வது 1980 வாக்கில். குடிதண்ணீர் என்றால் ஊற்றுத் தண்ணீர்தான். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் கிடைக்கும். வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். பெய்த மழை மணலுக்குள் இறங்கி உப்புத்தண்ணீருக்கு மேலே தங்கி நிற்கிறது, அதுதான் விஷயம், அதனால்தான் ரொம்ப ஆழம் தோண்டினால் உப்பாகிவிடும். இடுப்பளவு பள்ளம், அடியில் ஒரு சாண் அகலத்தில் தண்ணீர் ஊறும். சிரட்டையால் அள்ளிக் குடத்துவாயில் கட்டிய துணியில் ஊற்ற வேண்டும். ஐந்தாறு சிரட்டை அள்ளினால் தண்ணீர் தீர்ந்து ஈர மணல் தெரியும். அப்புறம் சும்மா உட்கார வேண்டியதுதான். அவசரப்பட்டுச் சுரண்டினால் கலங்கிவிடும், அப்பத்தா திட்டும். ஒரு குடம் நிறைய முக்கால் மணி நேரம் ஆகும், கோடையில் அதற்கும் மேலே.

விடுமுறைக்குப் போகிற பிள்ளைகளுக்கு அந்த வேலைதான். பள்ளத்தின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, மடியில் சித்தி பைண்டு பண்ணி வைத்திருந்த தொடர்கதை. வார இதழ்களிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, மைதாப் பசையில் பழைய காலண்டர் அட்டையை ஒட்டியது. வீட்டுக்கு வீடு அப்போது இது இருந்தது, உங்கள் அம்மாவோ அத்தையோகூடச் செய்திருப்பார்கள். கிழித்த தாள் என்பதால் கதையின் பின்பக்கத்தில் வேறு ஏதாவது இருக்கும். பாதி நகைச்சுவைத் துணுக்கு, கத்தரிக்காய்க் குழம்பில் கடைசி மூன்று வரி, 'முடி உதிர்கிறதா?' என்று ஒரு விளம்பரம். கதாநாயகி ரயிலேறப் போகிற இடத்தில் நான் கத்தரிக்காய்க் குழம்பைப் படித்திருக்கிறேன். கவனம் சிதறுவது என்பது போனோடு பிறந்த வியாதி என்று சொல்பவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன். சிதறத்தான் செய்தது. ஆனால் குழம்பு மூன்று வரியில் முடிந்துவிடும், திரும்பக் கதாநாயகியிடம்தான் போக வேண்டும்.

அந்த பைண்டில் ஒரு வாரம் இல்லை. 22ஆம் அத்தியாயத்துக்கு அடுத்து 24. அந்த வார இதழ் வரவில்லையோ, கடையில் வெல்லம் மடித்துப் போய்விட்டதோ, சித்திக்கே ஞாபகமில்லை. 22இல் அந்தப் பெண் ஒரு மழை இரவில் வீட்டைவிட்டுக் கிளம்பி ரயில் நிலையத்தில் நிற்கிறாள், 'தொடரும்'. 24இல் தன் வீட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறாள். நடுவில் என்ன நடந்தது? ஏன் திரும்பினாள்? வண்டி வரவில்லையா, யாராவது வந்து கூட்டிப்போனார்களா? ஊற்று ஊறுகிற நேரமெல்லாம் எனக்கு இதுதான் யோசனை. ஒரு விடுமுறையில் அப்பா வந்து அழைத்துப் போனார். அடுத்த விடுமுறையில் அவளே மனசு மாறினாள். இன்னொரு தடவை பாம்பன் பாலத்தில் காற்று அதிகமாகி வண்டி மண்டபத்தோடு நின்றுவிட்டது. அந்தக் கதை நடப்பது தஞ்சாவூர்ப் பக்கம், ஆனால் எனக்குத் தெரிந்த ரயில் அதுதானே. நான் எழுத வந்ததற்குக் காரணம் என்ன என்று பேட்டிகளில் கேட்கும்போது ஏதேதோ பெரிய பதிலாகச் சொல்லியிருக்கிறேன். உண்மையில் அந்தக் காணாமல் போன 23தான்.

இதில் என்ன சொல்ல வருகிறேன் என்றால், எனக்குப் படிக்க நேரம் இருந்ததாக ஞாபகமில்லை. காத்திருக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். தண்ணீருக்கு, ரேஷன் கடையில் சீனிக்கு, பஸ்ஸுக்கு, கரண்டு வருவதற்கு. 1988இல் சாலைப் பாலம் திறக்கும்வரை தீவுக்குப் போக ரயிலை விட்டால் படகுதான். கப்பல் போவதற்குத் தூக்குப்பாலத்தைத் திறந்தாலும் காத்திருப்பு, காற்று எல்லை மீறினாலும் காத்திருப்பு. புத்தகம் அந்த இடுக்குகளுக்குள் வந்து உட்கார்ந்தது. போன் நம்முடைய படிக்கிற நேரத்தைத் திருடிவிட்டது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். படிக்கிற நேரம் என்று தனியாக ஒன்று இருந்தால்தானே திருட? அது எடுத்துக்கொண்டது இந்தக் காத்திருக்கிற இடுக்கை. இன்றைக்கு டாக்டர் வீட்டு பெஞ்சில் உட்கார்ந்து சும்மா சுவரைப் பார்க்கிற ஒரு ஆளைக் காட்டுங்கள்.

இன்னொன்றும் போனது. 'தொடரும்' என்கிற சொல். வாரப் பத்திரிகையில் அது கடைசி வரியில் வந்து நிற்கும், கோபம் கோபமாக வரும், ஆனால் அதோடு எழுந்து போய் வேலையைப் பார்ப்போம். வேலை பார்க்கும்போதும் கதை உள்ளே ஓடும். போனில் விரலால் தள்ளத் தள்ளக் கீழேயிருந்து வந்துகொண்டே இருக்கிறதே, அந்த அடியில்லாத பக்கத்தை 2006இல் வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின் என்ற அமெரிக்கர். அடுத்த பக்கத்துக்கு ஒரு பொத்தானை அழுத்துகிற சிரமம் எதற்கு என்றுதான் செய்தார், பிற்பாடு அவரே அதற்காக வருத்தப்பட்டுப் பேசியும் இருக்கிறார். பொத்தானை அழுத்துகிற அந்த ஒரு நொடியில்தான் 'சரி, போதும்' என்று நமக்குத் தோன்றும். அது போய்விட்டது. பள்ளத்தில் தண்ணீர் தீரவே தீராமல், அள்ள அள்ள வந்துகொண்டே இருந்தால் நான் அந்தப் புத்தகத்தைப் பிரித்திருக்கவே மாட்டேன்.

இதைப் படித்துவிட்டு உடனே போனை அணைத்து மனைவியிடம் கொடுத்துவிடாதீர்கள். பாவம், அவருக்கு எதற்கு அந்தக் காவல் வேலை? அதோடு, போன் மேல் எனக்கு அவ்வளவு பகையும் இல்லை. போன மீன்பிடித் தடைக்காலத்தில் (ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது) மண்டபத்தில் ஒரு பூவரசு நிழலில் நாலு பேர் வலையின் கிழிசல்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சட்டைப்பையில் போன். அதிலிருந்து ஒரு பெண் குரல் நாவல் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தது. யூடியூபில் இப்படி முழு நாவல்களையும் படித்துப் போடுகிறார்கள், உங்களுக்கும் தெரிந்திருக்கும். நான் ஓரமாக நின்று கேட்டேன். மாமியார் ஒருத்தி நகைப்பெட்டியைத் திறக்கப் போகிற நேரத்தில் போன் அடித்துவிட்டது. "எடுக்காத, எடுக்காத" என்று மற்ற மூன்று பேரும் ஒரே சத்தம். யார் எழுதினது என்று கேட்டேன். "அது தெரியாதுக்கா. இந்த அம்மா வாசிக்கிறது நல்லா இருக்கும். கேட்டுக்கிட்டே கட்டுனா கை வலி தெரியாது" என்றார். அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். இந்த ஒரு தடைக்காலத்தில் அவர் கேட்டு முடித்த நாவல்கள் உங்கள் 9ஐவிட அதிகம் இருக்கும், கோபித்துக்கொள்ளாதீர்கள். யாரிடமும் எண்ணிச் சொல்லவும் இல்லை.

எனக்கே போன் உதவியிருக்கிறது. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த பதினோரு இரவும் வார்டில் ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் பாய் விரித்து, போன் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் பழைய நூல்கள் படித்தேன். 1998 பொங்கலுக்குத் தொடங்கி, உலகெங்கும் இருக்கிற தமிழர்கள் கூலி வாங்காமல் தட்டச்சு செய்து ஏற்றி வைத்தவை. யார் யாரோ ராத்திரி உட்கார்ந்து அடித்த எழுத்தை இன்னொரு ராத்திரியில் நான் படித்தேன். இடையிடையே நர்ஸ் வந்து டார்ச் அடிப்பார். அந்தப் பதினோரு இரவும் கிணறு தூர்வாருகிற வீடியோ பார்க்க எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை விளங்கவில்லை. அதே போன்தான்.

இப்போது உங்கள் 52. ராமேஸ்வரம் கோயிலுக்குள் 22 தீர்த்தம். வரிசையில் போனால் கிணற்றுக்குக் கிணறு வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றுவார்கள். நனைந்த துணியோடு அடுத்ததற்கு ஓட வேண்டும், கல் வழுக்கும், பின்னால் வருகிறவர் இடிப்பார், "பதினாறு ஆச்சா, பதினேழா?" என்று குடும்பமே கணக்கு வைத்துக்கொண்டு ஓடும். ஒவ்வொரு தீர்த்தத்துக்கும் ஒவ்வொரு ருசி என்று சொல்வது வழக்கம். ருசி பார்த்தவர் யார் என்று வெளியே வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். தீர்த்தமாடுவதாவது நம்பிக்கை, ஓடினாலும் பலன் உண்டு என்கிற எண்ணத்தில் ஆடுகிறார்கள், அதில் நான் தலையிடவில்லை. நாவலை அப்படி ஓடிக்கொண்டே தலையில் ஊற்றிக்கொண்டால் ஒரு பலனும் இல்லை. கணக்குப் பிரிவில் இருக்கிறவரிடம் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: அந்த 52ஐ ஃபேஸ்புக்கில் போட்ட நாளிலேயே நீங்கள் அதை ஆபீஸ் வேலையாக்கிவிட்டீர்கள். ஆபீஸ் வேலை நடுவில் போன் பார்க்காதவர் யார்? கை அதனால்தான் போகிறது.

ஊர் சுற்றுவதும் இப்போது இந்தக் கதிதான். ஸ்டாண்டில் வேன் பிடித்தால் "ஆறு பாயிண்ட் சார், அரை நாள்ல முடிச்சிரலாம்" என்பார்கள். கலாம் நினைவிடம் ஒரு பாயிண்ட், தனுஷ்கோடி இடிந்த தேவாலயம் ஒரு பாயிண்ட், அரிச்சல்முனை ஒரு பாயிண்ட். வேன்காரரைக் குறை சொல்லவில்லை. நாம் கேட்பதைத்தானே அவர் தருகிறார். ஆனால் அந்தத் தேவாலயத்தின் முன்னால் நின்று 'பேய் நகரம்' என்று கத்திக் கத்தி வீடியோ எடுக்கிறவர்களைப் பார்த்தால் மட்டும் எனக்கு ரத்தம் கொதிக்கும். ஒரு காலத்தில் சென்னை எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி வந்து, கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து ரயிலில் கொழும்பு போய்ச் சேரலாம். 1964 டிசம்பர் 22ஆம் தேதி ராத்திரி அடித்த புயல் அந்த ஊரைக் கொண்டுபோனது, பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் வண்டியையும் ஆட்களோடு கொண்டுபோனது. அதில் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கேதான் இருக்கிறார்கள், சிலர் அங்கேயே ஓலைக்கொட்டகையில் உங்களுக்கு மீன் பொரித்துக் கொடுக்கிறார்கள். நீங்கள் வருவது சரியாக அந்த நாட்களை ஒட்டி. பேய் கீய் என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள்.

உங்களுக்கு நான் சொல்கிற திட்டம் ரொம்பச் சின்னது. காரை ராமநாதபுரத்தில் விட்டுவிட்டு தீவுக்கு ரயிலில் போங்கள். பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள், புதுப் பாலம் 2025 ஏப்ரலில்தான் திறந்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் தீவுக்கு ரயிலே இல்லை. புதுப் பாலத்தில் கப்பலுக்கு வழிவிடுகிற 72.5 மீட்டர் பாகம் நேர் மேலே லிப்ட் மாதிரி 17 மீட்டர் எழும்பும். 1914இல் வந்த பழைய பாலம் இரண்டு கை கூப்பிப் பிரிவது மாதிரி திறந்தது, எனக்கு அதுதான் அழகு, இருக்கட்டும். மண்டபத்தில் வண்டி கொஞ்சம் நின்றாலும் நிற்கும். அங்கே ஏதாவது படிக்கக் கையில் இருக்கட்டும். பாலத்தில் ஏறியதும் தாராளமாகப் போனை எடுத்து வீடியோ எடுங்கள், எல்லோரும் எடுப்பார்கள், நானும் எடுத்திருக்கிறேன், ஏழோ எட்டோ இருக்கும், எல்லாம் ஒரே மாதிரி நீலம்.

தனுஷ்கோடிக்குக் காலையிலேயே போங்கள். சாலையில் போகும்போது இடப்பக்கம் வடகடல், வலப்பக்கம் தென்கடல். வாடை அடித்தால் வடகடல் கலங்கும், தென்கடல் அடங்கும், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தலைகீழ். பூநாரை வந்திருந்தால் தூரத்தில் ஆழமில்லாத தண்ணீரில் வெளிறிய ரோஸ் கோடு மாதிரி தெரியும், வண்டியை ஓரங்கட்டச் சொல்லி இறங்கிப் பாருங்கள், கிட்டப் போய் விரட்டாதீர்கள். திரும்பும் வழியில் நேரம் இருந்தால் கீழக்கரை போய் தொதல் என்கிற இனிப்பு வாங்குங்கள். ஒரு மத்தியானம் முழுக்க எங்கேயும் போகாமல் ரூமிலேயே கிடங்கள். பாயிண்ட் இரண்டு குறைந்தால் குறையட்டும். படிப்பு என்று ஏதாவது நடந்தால் அந்த மத்தியானம்தான் நடக்கும், சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டுவிட்டு, ஃபேன் சத்தத்தில். தூங்கிப்போனாலும் சரி.

என்ன புத்தகம்? பட்டியல் தர மாட்டேன். அந்த ஐந்தில் நாலை வீட்டில் வையுங்கள். மிச்சம் ஒன்றும் எல்லோருக்கும் காட்டத் தோன்றுகிற புத்தகமாக இருந்தால் அதையும் வையுங்கள். பஸ் ஸ்டாண்டு கடையில் கிளிப்பில் தொங்குமே மாத நாவல், அட்டையில் துப்பாக்கியும் ஒரு பெண் முகமும் போட்டு, அதில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்தாளர் சொல்கிற யோசனையா இது என்று சிலர் எனக்கு எழுதுவார்கள், எழுதட்டும். இல்லை, பதினாலு வயதில் படித்துக் கிறங்கிப்போன ஏதாவது ஒன்றை இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள். பிடிக்காமல் போனால் பாதியில் மூடிவிடுங்கள். மூடுவதற்கு உங்களுக்கு யார் அனுமதியும் வேண்டாம், ஃபேஸ்புக்கில் அந்தக் கணக்குக் கேட்டு யாரும் வர மாட்டார்கள், சத்தியமாக ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது.

கடைசியாக உங்கள் மகள். இந்தக் கேள்வியைத்தான் நீங்கள் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள், எனக்கோ கடிதத்திலேயே அதுதான் பிடித்தது. அந்தச் செயலிகளில் நானும் போய்ப் பார்த்திருக்கிறேன். எழுத்துப் பிழை இருக்கிறது, சந்திப்பிழைக்குக் கணக்கே இல்லை, மூன்றாவது அத்தியாயத்தில் செத்தவர் ஏழாவதில் காபி கேட்கிறார். எல்லாம் சரி. ஆனால் அந்தக் கதைகள் ஒவ்வொரு பாகமாகத்தான் வருகின்றன, எழுதுகிற பெண்ணுக்குப் பரீட்சை என்றால் பத்து நாள் வராது, கீழே 'எப்ப போடுவீங்க அக்கா?' என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டு கிடக்கிறார்கள். உங்கள் வீட்டில் இன்னமும் 'தொடரும்' என்ற சொல்லுக்குக் கோபப்படுகிற ஒரே ஆள் அவள்தான். நானும் அவள் வயதில் படித்தது பேயும் காதலும் பழிவாங்கலும்தான், அச்சுப்பிழை திருத்த அங்கே ஆள் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். தடுக்காதீர்கள். பிழையைச் சுட்டிக்காட்டி இப்போது பாடமும் எடுக்காதீர்கள், அப்புறம் அதையும் உங்களுக்குத் தெரியாமல் படிப்பாள். பெரியவர்களுக்கான கதைகள் அதில் நிறையக் கிடக்கின்றன, எது கண்ணில் படுகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னுடைய அந்த 23ஆம் அத்தியாயத்தைச் சொல்லி முடிக்கிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் அந்த நாவலை முழுசாக எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார், பிடிஎஃப். நன்றி என்று பதில் போட்டேன். கோப்பைத் திறந்து 22ஆம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கம் வரை போனேன், மழை, ரயில் நிலையம், 'தொடரும்'. மூடிவிட்டேன். போன் மாற்றியபோதும் அது கூடவே வந்துவிட்டது, இன்னும் அப்படியே இருக்கிறது.

மண்டபத்தில் வண்டி நின்றால், உங்கள் மகளிடம் அவள் படிக்கிற கதை இப்போது எந்த இடத்தில் நிற்கிறது என்று கேளுங்கள். அடுத்த பாகத்தில் என்ன நடக்கும் என்று அவள் நினைக்கிறாள் என்பதையும் கேட்டு எனக்கு எழுதுங்கள். அந்தப் பேய்க்கதை என்றால் கட்டாயம் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா

பி.கு.: ஸ்வெட்டர் எடுத்து வராதீர்கள், குளிராது. மாற்றுத்துணி இரண்டு செட் கூடவே வையுங்கள், 22 தீர்த்தத்துக்கும் நீங்கள் ஓடத்தான் போகிறீர்கள்.